டி டிரைவ், லோஜினி, வார்டு, அம்மாவுக்கு

துஷாந்த் தீபாவளிக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து வந்தான். அந்த வருடம் அவர்களுக்குத் தீபாவளி இல்லை. அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அடுத்த குடும்பத்தின் காம்பராவில் பலகாரம் சுட்டார்கள். எண்ணெய் வாசனை சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் வந்தது.

ஜீவராணி மகனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள்.

“அந்தப் பென் டிரைவு கொண்டாந்திருக்கியா?”

“இருக்கும்மா.”

“டிவியில போடு. பாப்பா வாசிச்சதக் கேக்கணும்.”

பாப்பா என்றது லோஜினியை. அவனுடைய தங்கை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இரத்தத்தில் நோய் என்றார்கள். கண்டியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆனி மாதம் இறந்துபோனாள்.

ஜீவராணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்று மகள் கேலி செய்வாள். வீட்டில் இருக்கும் நாட்களில் அம்மா சமைக்க, லோஜினி அடுப்பங்கரையில் உட்கார்ந்து கதை வாசிப்பாள். ஆஸ்பத்திரியிலும் அதை விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ஒரு கதைப் புத்தகம் கொடுத்தாள். லோஜினி அதைச் சத்தமாக வாசித்து லெப்டொப்பில் பதிந்தாள். ஒரு நாளைக்கு முடிந்த அளவு.

ஃபோனில் சொன்னாள்: “அம்மா, ஒங்களுக்கு ஒரு முழுக் கதை வாசிச்சு வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்துதான் போடுவேன். நடுவுல தூங்குனீங்கன்னா பாருங்க.”

“நான் ஏன்டி தூங்குறேன். நீதான் வாசிச்சுக்கிட்டே தூங்குவ.”

லோஜினி வீட்டுக்கு வந்த அன்று லெப்டொப் பின்னால் இன்னொரு வேனில் வந்தது.

கருமாதிக்கு அவளுடைய பொருட்களைத் தானம் கொடுத்தார்கள். உடுப்புகளை ஜீவராணி பீலித் தண்ணீரில் துவைத்து, காய வைத்து, மடித்தாள். குடை, பை, செருப்பு எல்லாவற்றையும் கழுவினாள். இறந்தவர் பெயரைச் சொல்லிக் கொடுக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும். மிஞ்சியது லெப்டொப். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறது, அதனிடம் லெப்டொப் இல்லை என்று கொட்டகலையில் லோஜினிக்குப் படிப்பித்த டீச்சர் சொன்னார். ஜீவராணி சரி என்றாள்.

“இதையும் கழுவித்தானே குடுக்கணும்?” என்று மகனிடம் கேட்டாள்.

“கடையில குடுத்தா எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கித் தருவாங்கம்மா. அதுக்கு முன்ன அவளோடத நான் எடுத்து வச்சுக்கிறேன்.”

அவன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தான். லெப்டொப்பை அதிகம் தொட்டதில்லை. திரையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பென் டிரைவில் போட்டான். படங்கள், பாடங்கள், ‘அம்மாவுக்கு’ என்று ஒரு ஃபோல்டர். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பென் டிரைவைத் திறந்து அதிலிருந்த ‘அம்மாவுக்கு’வை அழுத்தினான். திறந்தது. உள்ளே வரிசையாக ஒலிப்பதிவுகள். முதலாவதைத் தட்டினான்.

“அம்மா, ஆரம்பிக்கவா?” என்றது லோஜினியின் குரல்.

ஜீவராணி வாசலில் நின்றாள். கையில் ஈரத்துணி.

“நிப்பாட்டு. இப்ப வேணாம். நிப்பாட்டுடா.”

அவன் நிறுத்தினான்.

அடுத்த நாள் ஹட்டனில் ரிஃகானின் ஃபோன், கம்பியூட்டர் கடையில் லெப்டொப்பைக் கொடுத்தான். எல்லாம் எடுத்தாச்சா என்று ரிஃகான் கேட்டான். எடுத்தாச்சு நானா என்றான். ரிஃகானை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான். கருமாதி அன்று வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் லெப்டொப்பை வைத்தார்கள். புள்ள பேரச் சொல்லிக் குடுங்க என்றார் பூசாரி. ஜீவராணி சொன்னாள். பிரியந்தி என்ற அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

இப்போது டிவியில் படங்கள் வந்தன. லோஜினி பல்கலைக்கழக வாசலில். லோஜினி கடற்கரையில், மூன்று பிள்ளைகளோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. துஷாந்த் அவற்றைத் தள்ளிக்கொண்டே போனான். ‘அம்மாவுக்கு’ வரவில்லை.

“டிவிக்குத் தெரியலம்மா. ஃபோன்ல பார்ப்போம்.”

ஃபோனில் பெயர் தெரிந்தது. அழுத்தினால் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினான். ஃபோனை அணைத்துப் போட்டுப் பார்த்தான்.

“பேரு இருக்குல்ல?” என்றாள் ஜீவராணி.

“பேரு இருக்கு.”

“அப்ப உள்ளயும் இருக்கும். நாளைக்கு ஹட்டனுக்குப் போவோம்.”

*

தீபாவளியன்று ஹட்டனில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. ரிஃகானின் கடை திறந்திருந்தது. அவன் தனியாக உட்கார்ந்து யாருடையதோ ஃபோனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தான். ஜீவராணிக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“இருங்கம்மா. என்ன தம்பி, நல்ல நாளும் அதுவுமா?”

“இதுல ஒரு ஃபோல்டர் தொறக்குதில்ல நானா.”

ரிஃகான் பென் டிரைவைச் செருகினான். ‘அம்மாவுக்கு’ திரையில் வந்தது. மஞ்சள் ஃபோல்டர். அதன் மூலையில் வளைந்த சின்ன அம்பு ஒன்று இருந்தது. ரிஃகான் அம்பைப் பார்த்தான். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

“இத எங்கிருந்து எடுத்தீங்க?”

“முன்னுக்கு இருந்திச்சு. திரையில.”

“உள்ள போய் எடுக்கல்லையா?”

“தொறந்து பார்த்தேன் நானா. பென் டிரைவுல இருந்தே தொறந்து பார்த்தேன். பேசுச்சு.”

“அந்த லெப்டொப்ல குத்தி வச்சுத்தானே தொறந்தீங்க?”

“ஆமா.”

ரிஃகான் எதையோ அழுத்தினான். ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் ஒரே ஒரு வரி. அவன் அதை வாசித்தான்.

“டி டிரைவ். அதுக்குள்ள லோஜினி. அதுக்குள்ள வார்டு. அதுக்குள்ள அம்மாவுக்கு.”

கடைக்கு வெளியே பட்டாசு வெடித்தது. அவன் அது அடங்கட்டும் என்று இருந்தான்.

“இதுல இருக்கது இந்த ஒரு வரி மட்டுந்தாம்மா.”

“பாப்பா எங்க?”

“தங்கச்சி பேசுனது டி டிரைவுல இருந்திருக்கு. இது அங்க போறதுக்கு வழி. கைக்கு லேசா இருக்கட்டும்னு வழிய மட்டும் முன்னுக்குப் போட்டு வச்சிருக்கா. லெப்டொப்ல வச்சு அழுத்தையில இது அங்க போய் அதத் தொறந்து காட்டியிருக்கு. தம்பி வழிய மட்டும் எடுத்துட்டு வந்துட்டாரு.”

“அட்ரஸ் மாதிரியா?”

“அட்ரஸ் மாதிரித்தான்.”

“எங்க லயத்துக்கு அட்ரஸே இல்ல தம்பி. காயிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அப்பவும் கைக்கு வந்து சேருதே.”

ரிஃகான் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

“அந்த டி டிரைவு?” என்றான் துஷாந்த். அவனுக்குத் தெரிந்திருந்தது.

“நான்தானே அழிச்சேன்,” என்றான் ரிஃகான்.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். பெட்டி அப்படியே இருந்தது.

துஷாந்த் கடையை விட்டு வெளியே போய் நின்றான். ஜீவராணி எழுந்து அவன் பின்னால் போனாள். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

“நான்தாம்மா...”

“பேரு சரியாத்தானே இருந்துச்சு,” என்றாள் ஜீவராணி. “நான் எடுத்திருந்தாலும் அதத்தான் எடுத்திருப்பேன். உள்ள வா.”

ரிஃகான் இதற்குள் டீச்சருக்கு ஃபோன் எடுத்துப் பிரியந்தியின் இலக்கத்தை வாங்கியிருந்தான்.

“அழிச்சாலும் ஒடனே போயிடாது. மேல வேற ஏதாவது எழுதுற வரைக்கும் அடியில கெடக்கும். அந்தப் புள்ள எவ்வளவு பாவிச்சிருக்கோ தெரியாது. லெப்டொப்பக் கொண்டு வந்தீங்கன்னா பார்ப்பேன். இப்பவே ஃபோன் பண்ணி அதப் போட வேணாம்னு சொல்லுங்க. ஒவ்வொரு தடவ போடையிலும் கொஞ்சம் போகும்.”

துஷாந்த் ஃபோன் எடுத்தான். பிரியந்தியின் ஃபோன் எடுபடவில்லை. திரும்ப எடுத்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சிங்களத்தில் சொன்னாள்.

“மஸ்கெலியா பஸ் நிக்குது,” என்றான். “வாங்க போவோம்.”

ஜீவராணி அசையவில்லை.

“பேரச் சொல்லிக் குடுத்தத எப்படிடா திருப்பிக் கேக்குறது?”

“திருப்பிக் கேக்கல. ஒரு நாளைக்கு வாங்கிக் குடுக்கப் போறோம்.”

“அவ பேருல குடுத்தது.”

“அவ பேச்சக் கேக்கத்தானேம்மா.”

*

மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினார்கள். நீர்த்தேக்கம் நிறைந்து கிடந்தது. துஷாந்த் வழியெல்லாம் பிரியந்திக்கு ஃபோன் எடுத்துக்கொண்டே வந்தான். எடுபடவில்லை.

மஸ்கெலியாவில் இறங்கி ஓட்டோ பிடித்து, ஓட்டோ போகாத இடத்திலிருந்து நடந்தார்கள். லயத்து வாசலில் பிள்ளைகள் வெடித்த பட்டாசுக் கடதாசியைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பிரியந்தியின் அப்பா ஆண்டியப்பன் அவர்களை அடையாளம் கண்டு ஓடிவந்தார்.

“வாங்க, வாங்க. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க. ஏ புள்ள, யாரு வந்திருக்காங்கன்னு பாரு.”

“கூப்பிட்டோம்யா. ஃபோன் எடுபடல,” என்றான் துஷாந்த்.

“இங்க எங்க எடுபடப் போகுது. சிக்னலு வேணும்னா மேல தண்ணித் தாங்கிக்கிட்டப் போகணும். இவ லெப்டொப்பத் தூக்கிக்கிட்டு அங்கதான் போயி உக்காந்துக்கிருவா. அட்டை ஏறுனாலும் எந்திரிக்க மாட்டா. நான் போயி உப்புப் போட்டு எடுத்து விடணும்.”

“அப்பா!” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

பிரியந்தி பலகாரத் தட்டோடு வந்தாள். லோஜினியைவிடக் குட்டை. புதுச் சட்டையில் இன்னும் மடிப்புக் கலையவில்லை. ஜீவராணி ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

லெப்டொப் மேசை மேல் இருந்தது. மூடியில் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

“நல்லா வேல செய்யுதாம்மா?” என்று ஜீவராணி கேட்டாள். அதைத்தான் அவளால் கேட்க முடிந்தது.

“நல்லா வேல செய்யுதும்மா. சேர் ஒன்லைன்ல நடத்துற வகுப்பெல்லாம் மேல போயி பதிஞ்சுட்டு வந்து, இங்க வச்சுத் திருப்பித் திருப்பிக் கேப்பேன். பொருளியல் முழுக்க இருக்கு. ஒரு வகுப்புக்கூட விடல்ல. அடுத்த மாசம் சோதன.”

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். துஷாந்த் தரையைப் பார்த்தான்.

“தங்கச்சி,” என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வழியை மட்டும் எடுத்து வந்ததை. கடையில் அழித்ததை. அடியில் கொஞ்சம் கிடக்கலாம் என்பதை. மேலே எழுத எழுத அது போய்விடும் என்பதை.

பிரியந்தி தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் பதிஞ்சதெல்லாம்...”

அவள் மேசை மேலிருந்த லெப்டொப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் அந்த அக்காவுக்கு மேலயா பதிஞ்சிருக்கேன்?”

அவள் அழத் தொடங்கினாள். ஜீவராணி எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். கையிலிருந்த முறுக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நீட்டிப் பிடித்திருந்தாள். ஆண்டியப்பன் அதை வாங்கிக்கொண்டார்.

“ஒனக்கு எப்படித் தெரியும். நீ படிக்கத்தானே குடுத்தோம்.”

“கொண்டு போங்கம்மா,” என்றார் ஆண்டியப்பன். “திருப்பித் தர வேணாம். இவ முந்தி மாதிரி எழுதிப் படிச்சுக்கிருவா.”

“தருவோம். நாளைக்கே தருவோம். இது அவ பேருல ஒங்க புள்ளைக்குக் குடுத்தது.”

லெப்டொப்பை ஜீவராணி முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

*

ரிஃகான் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொன்றுக்குப் பிரதி எடுத்தான். அடுத்த நாள் துஷாந்த் லெப்டொப்பை மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். பிரியந்தி தண்ணீர்த் தாங்கியிலிருந்து பாதை வரை இறங்கி வந்து நின்றாள்.

“கெடச்சுச்சா அண்ணா?”

“தேடிக்கிட்டு இருக்காங்க.”

“நான் இனிப் பதியலாமா?”

“பதி. அதுல இனி ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் எடுத்தாச்சு.”

அதே வார்த்தையை முன்பும் சொல்லியிருக்கிறான்.

ரிஃகானின் இயந்திரம் பிரதியைத் துழாவியது. கிடைத்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டியது. ஜீவராணி திரையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக எண்கள்.

“பேரு எங்க தம்பி?”

“பேரு வராதும்மா. ஃபோல்டரும் வராது. எதுக்குள்ள எது இருந்திச்சுன்னு சொல்ற பக்கமெல்லாம் அழிஞ்சு போச்சு. மண்ணுக்குள்ள கைய விட்டு அகப்படுறத இழுத்து எடுக்குற மாதிரி...” ரிஃகான் நிறுத்திக்கொண்டான். மண்சரிவு ஆட்களை மூடுகிற மலையில் யாரிடமும் சொல்லக்கூடாத உவமை. “ஒவ்வொண்ணாக் கேட்டுத்தான் பாக்கணும். நான் கேட்டா எனக்குத் தங்கச்சி கொரல் தெரியாது.”

“நான் கேக்குறேன்,” என்றாள் ஜீவராணி.

அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். சுகமில்லை என்று சொல்லச் சொன்னாள். துஷாந்தின் முதலாளி ஃபோன் எடுத்துச் சத்தம் போட்டார். அவன் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, சரி மொதலாளி, சரி மொதலாளி என்றான். போகவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் வருவார்கள். ரிஃகான் கடையைத் திறந்ததும் ஜீவராணி மூலையில் ஸ்டூலில் உட்காருவாள். ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிவிடுவான். துஷாந்த் ஒவ்வொரு எண்ணாகத் தட்டுவான். இல்லை என்று தலையசைத்தால் அடுத்தது.

பாட்டுகள் வந்தன. பாதியில் தொடங்கிப் பாதியில் முடிந்தன. பல்கலைக்கழக விரிவுரைகள் வந்தன. இந்த லெப்டொப் லோஜினிக்கும் பழையதாகத்தான் கிடைத்தது. அவளுக்கு முன்பு அதை வைத்திருந்தவர்களுடையதும் அடியில் கிடந்தது. ஒரு குழந்தை சிங்களத்தில் அம்மாவைக் கூப்பிட்டது. யாரோ பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கை தட்டினார்கள். ஜீவராணி எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டாள். அவசரப்படுத்தினால் மகனின் கையைத் தட்டிவிட்டாள்.

“இரு. இது முடியட்டும்.”

“இது அவ இல்லம்மா.”

“கடைசியில வந்தாலும் வருவா.”

அதிகமும் பிரியந்தியின் வகுப்புகள். பொருளியல் ஆசிரியர் ஒருவர், விலை ஏறினால் பொருளுக்குக் கேள்வி குறையும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தெளிவான குரல். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். சில இடங்களில் பிரியந்தி மெதுவாகக் கூடவே சொல்வது கேட்டது. மழை கேட்டது.

கடைக்கு வருகிறவர்கள் ஜீவராணியைப் பார்த்துவிட்டு ரிஃகானைப் பார்த்தார்கள். அவன் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் விடாமல் கேட்டார்.

“என்ன ரிஃகான், அக்கா பாட்டுக் கேக்குறாங்களா?”

“ஒங்க சார்ஜரப் பாருங்க நானா. வயரு பிஞ்சிருக்கு.”

மதியம் அவன் உம்மா கொடுத்தனுப்பிய சோற்றில் பாதியை ஜீவராணிக்கு வைத்தான். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் சாப்பிட்டாள்.

கடைசி நாளுக்கு முதல் நாள் அவள் கையைத் தூக்கினாள். வாயில் சோறு இருந்தது. விழுங்கவில்லை.

துஷாந்த் ஹெட்ஃபோன் கம்பியைப் பிடுங்கி, முதலிலிருந்து மறுபடி தட்டினான். சத்தம் கடைக்குள் வந்தது.

மின்விசிறி ஓடும் சத்தம். ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு தூரப் போனது. பிறகு லோஜினி.

“...வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே யாரோ அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது. சித்தி என்று கூப்பிட்டான். சத்தம் நின்றது. அம்மா, கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிக்கிறேன்.”

தண்ணீர் குடிக்கும் சத்தம். மூச்சு. கோப்பையைத் தகரத்தின் மேல் வைக்கும் சத்தம். தள்ளி ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். லோஜினி சிங்களத்தில் பதில் சொல்லிச் சிரித்தாள்.

“ம். எங்க விட்டேன். சத்தம் நின்றது. அவன் அப்படியே நின்றான். இருட்டாக இருந்தது. உள்ளேயிருந்து எழுந்து வந்தது...”

“கேள்வி வளையி இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே வரும்,” என்றார் ஆசிரியர். “வலப்பக்கம் கீழே வரும். எழுதிக்கொள்ளுங்க.”

அதோடு முடிந்தது.

ஜீவராணி சோற்றை விழுங்கினாள்.

“மிச்சம்?”

ரிஃகான் எழுந்து வந்து திரையைப் பார்த்தான். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான்.

“இவ்வளவுதாம்மா. இதுக்குப் பொறகு இருந்த எடத்துல வகுப்பு வந்து உக்காந்துருச்சு. இயந்திரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒட்டிக் குடுத்துருச்சு.”

“இன்னொரு தடவ போடு.”

போட்டான். கதவு திறந்து கிடந்தது. செருப்பு. அரிசி. தண்ணீர். சிரிப்பு. இருட்டு. கேள்வி வளையி.

“யாரு எந்திரிச்சு வந்தது?” என்றாள் ஜீவராணி.

“தெரியாதும்மா,” என்றான் துஷாந்த்.

“சித்தியா?”

“தெரியல.”

“புத்தகத்துப் பேரு தெரிஞ்சா எடுத்துப் பாக்கலாம்,” என்றான் ரிஃகான். “தங்கச்சி சொன்னாவா?”

ஜீவராணி யோசித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகம் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

“பச்ச அட்ட,” என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லோஜினிக்கு முன்பே அந்தக் கட்டில் காலியாகியிருந்தது. வீட்டுக்கா, வேறு எங்காவதா என்று ஜீவராணி அப்போது கேட்கவில்லை.

மீதி எண்களையும் அடுத்த நாள் மாலை வரை கேட்டார்கள். லோஜினி வரவில்லை.

*

ரிஃகான் அந்த ஒன்றை மட்டும் ஜீவராணியின் ஃபோனில் போட்டான். போட்ட பிறகு ஃபோனை அவள் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொன்னான். பென் டிரைவையும் கம்பியையும் கழற்றித் தூர வைத்தான். கடையின் கம்பியூட்டரையும் அணைத்தான்.

“இப்பப் போடுங்க. ஒண்ணோடயும் சேராமத் தனியா வருதான்னு பாருங்க.”

வந்தது.

“பேரு என்னன்னு வைக்க?” என்று கேட்டான்.

“பேரு வேணாம்,” என்றாள் ஜீவராணி. “அந்த எண்ணே இருக்கட்டும்.”

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டாள். துஷாந்துக்கும் கேட்டது. முன்சீட்டுப் பெண்ணுக்கும் கேட்டிருக்க வேண்டும். கேள்வி வளையி வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

கொட்டகலை தாண்டியதும் துஷாந்த் சொன்னான்: “அம்மா, அந்த சேர் பேசுறத மட்டும் வெட்டித் தரச் சொல்லவா? நானா ஒரு நிமிசத்துல செஞ்சிருவாரு. நாளைக்கே போயிட்டு வாறேன்.”

“வேணாம்.”

“ஒவ்வொரு தடவையும் அதக் கேக்கணும்ல.”

“கேட்டா என்ன. நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாரு.”

“இல்லம்மா...”

“வெட்டுறப்ப இவளும் கொஞ்சம் வெட்டுப்பட்டுருவா.”

“அப்படி ஆகாதும்மா.”

அவள் ஃபோனைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நீங்க யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே இருக்கட்டும்,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

துஷாந்த் மறுநாள் கொழும்புக்குப் போனான். முதலாளி ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. அவனை அரிசி மூட்டைப் பக்கம் போட்டார்.

மாலையில் கடையில் ஆள் குறையும் நேரம் அம்மாவுக்கு ஃபோன் எடுப்பான். மலைக்குப் போனீங்களா என்று கேட்பான். போனேன் என்பாள். சாப்பிட்டியா என்பாள். ஆமா என்பான். கண்டாக்கு ஏசினாரா என்று கேட்டான். ஏசினாரு, பொறகு பாப்பாவுக்காகன்னு யாரோ சொல்லியிருக்காங்க, விட்டுட்டாரு என்றாள்.

ஒரு நாள் அவன் ஃபோன் எடுத்தபோது அவள் எடுத்துவிட்டு, கொஞ்சம் இருடா என்றாள். பிரியந்தி சோதனை எழுத முன்பு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். ஃபோனின் மறுபக்கம் அவள் குரல் கேட்டது.

“இந்தக் கேள்வி வளையிய முழுசா எழுதத் தெரியுமா ஒனக்கு?” என்று ஜீவராணி கேட்டாள்.

“தெரியும்மா. படம் கீறிக் கேப்பாங்க.”

“எனக்கும் தெரியும். இடப்பக்கம் மேல இருந்து வலப்பக்கம் கீழ வரும்.”

“ஆமாம்மா,” என்றாள் பிரியந்தி.

பிள்ளை கிளம்பிப் போகும் சத்தம், கதவு, பார்த்துப் போம்மா, சறுக்கும். ஜீவராணி ஃபோனை மறந்துவிட்டாள் போலிருந்தது. துஷாந்த் கூப்பிடப் பார்த்தான். கூப்பிடவில்லை. அடுப்பில் எதையோ இறக்கி வைத்தாள். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதே ஃபோனில் எதையோ தட்டினாள். லைனில் அவன் இருக்கிறான் என்று ஃபோனுக்குத் தெரிந்திருந்தது, அது போடவில்லை.

“என்னடா இது, வரமாட்டேங்குது,” என்றாள் தனக்குள்.

“அம்மா, நான் லைன்ல இருக்கேன். அதான் வரல.”

“நீ இன்னும் வைக்கலையா?”

“வைக்கிறேன். வச்சதும் வரும்.”

“சரி. வை.”

அவன் வைத்தான். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். இந்நேரம் லோஜினி தண்ணீர் குடித்து முடித்திருப்பாள் என்று நினைத்தான்.